பெங்களூரின் மறைந்த கள்ளுக்கடைகள்: கலால் ஆவணமும் கவிதையும்

பெங்களூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கள்ளுக்கடை விற்பனையிடம் மட்டுமன்று. உழைப்பாளர் மாலையில் கூடி அமர்ந்த இடமுமாகும். ஈச்சமரங்களிலிருந்து ஈடிகர் இறக்கிய கள் விரைவில் புளித்துவிடும். ஆதலால் கடை தோப்புக்கும் ஊருக்கும் அருகிலேயே இருக்க வேண்டியிருந்தது. வடித்தெடுக்கும் சாராயத்திற்கு அக்கட்டாயம் இல்லை. அது பிற்காலத்தில் பாக்கெட்டில் அடைத்து விற்கப்பட்டபோது, அமர்ந்து குடிக்கும் தேவையும் குறைந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோர மாவட்டங்கள் நீங்கலாகக் கர்நாடகத்தின் பெரும்பகுதியில் கள் விற்பனை நின்றது. 2007 ஜூலை 1 முதல் சாராயமும் தடைசெய்யப்பட்டது.

கடை கூலியை விழுங்கிக் குடும்பங்களைக் குலைத்தது என்பது மறுக்கவியலாதது. ஆயினும் தடைக்குப் பின் ஓராண்டும் நிறைவதற்குள், 2008 மே மாதத்தில், பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நச்சுச் சாராயம் 100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கடை மறைந்தது, குடி மறையவில்லை.

கலால் ஆவணங்களில் கள்ளுக்கடை ஏலத்தொகையாகவும் அரசு வருவாயாகவும் மட்டுமே காணப்படுகிறது. அங்கு அமர்ந்தவனின் குரலைக் கேட்க ஜி. பி. ராஜரத்னத்தின் ‘ரத்னன பதகளு’ என்னும் கவிதைத் தொகுதியை நாட வேண்டும். அதில் கள்குடியனான ரத்னன், மனைவி புட்னஞ்சியையும் கள்ளையும் கன்னடத்தையும் பேச்சுமொழியிலேயே பாடுகிறான். அது கற்பனைப் பாத்திரமே எனினும், கணக்கேடு விட்டுச்சென்ற மனிதனை வரலாற்றுக்கு மீட்டுத்தரும் சான்றாகும்.