கைம்பெண்ணின் பொருத்தனை

பண்டை இஸ்ரவேல் சமுதாயத்தில் பெண்ணானவள் பிறந்த வீட்டில் தந்தையின் அதிகாரத்துக்கும் புகுந்த வீட்டில் கணவனின் அதிகாரத்துக்கும் உட்பட்டவளாகவே வாழ்ந்தாள் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், தன் வாழ்க்கையின் போக்கையே மாற்றிய தீர்மானங்களை அவளே செய்ததாக வேதாகமம் சில இடங்களில் கூறுவதால், அத்தகைய தீர்மானத்துக்கு அந்தச் சமுதாய அமைப்பில் இடம் எங்கே இருந்தது என்னும் வினா ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

எண்ணாகமத்தின் 30ஆம் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. மணமாகாத மகள் செய்த பொருத்தனையைத் தந்தையும், மனைவி செய்ததைக் கணவனும், கேள்வியுற்ற நாளிலேயே தடுத்துச் செல்லாததாக்கலாம் என்று விதிக்கும் அச்சட்டம், கைம்பெண்ணும் தள்ளப்பட்டவளும் செய்த பொருத்தனை மட்டும் நிலைத்தே தீரும் என்கிறது. அநாதையோடும் பரதேசியோடும் சேர்த்து எண்ணப்பட்டு, அறுவடை வயலில் மறந்துவிடப்பட்ட அரிக்கட்டை எடுத்து உண்ணும் நிலையில் இருந்த கைம்பெண்ணே, தன் வாய்ச்சொல்லை எவரும் ரத்துச் செய்ய இயலாத பெண்ணாகவும் இருந்தாள். காப்பு அற்ற இடத்திலேதான் சொல்லுக்குச் சுதந்தரம் பிறந்தது என்பதே என் துணிபு.

மோவாபிலே கணவனை இழந்த ரூத், தன் ஓரகத்தி ஓர்பாளைப் போலத் தாய்வீடு திரும்பியிருக்கலாம். மாமியார் நகோமி வற்புறுத்தியதும் அதனையே. திரும்பிய ஓர்பாளை ரூத் நூலின் ஆசிரியர் பழிக்கவுமில்லை. ரூத்தோ கர்த்தரின் பெயரால் ஆணையிட்டு நகோமியோடு நின்றுவிட, நகோமியும் மறுத்துப் பேசுவதை விட்டுவிடுகிறாள். ரூத் அயல்நாட்டாளே எனினும், அவள் சரிதம் இஸ்ரவேலருக்காக எழுதப்பட்டதாதலால், கைம்பெண்ணின் ஆணைக்கு இருந்த வலிமையை அதைக் கேட்டோர் உணர்ந்தேயிருப்பர். பின்னர்ப் பெத்லகேமின் களத்தில், உறவினன் போவாஸ் சொல்வதைச் செய்யுமாறு நகோமி கற்பித்திருந்தும், ரூத் அதற்குக் காத்திராமல், அவன் தங்களை மீட்கக் கடமைப்பட்ட சுதந்தரவாளி என்பதைத் தானே எடுத்துரைத்து, தன்னை மணக்கும்படி கேட்கிறாள்.

ஆதியாகமம் கூறும் தாமாரின் நிலை இதனினும் இடர் மிக்கது. இரு கணவரை இழந்தும், மூன்றாம் மகன் சேலாவுக்கென்று மாமன் யூதாவினால் தந்தை வீட்டில் நிறுத்திவைக்கப்பட்ட அவள், கைம்பெண்ணின் வறுமையை எய்தினாளேயன்றி அவளது விடுதலையை எய்தவில்லை. சேலா வளர்ந்தும் தன்னை அவனுக்குக் கொடாமை கண்டு, வேறு வேடத்தில் யூதாவையே சேர்ந்து, அவனுடைய முத்திரை மோதிரத்தையும் ஆரத்தையும் கைக்கோலையும் அடைமானமாகப் பெற்றாள். அவள் கருவுற்றதை அறிந்து அவளை எரிக்கும்படி அவன் கட்டளையிட்டபோது அவையே சாட்சியாயின. அவள் தன்னைவிட நீதியுள்ளவள் என்று அவன் ஒப்புக்கொண்டான். தன் சொல் செல்லாத இடத்தில் அவனுடைய பொருள்களையே அவள் பேசச் செய்தாள்.

இவ்விருவரும் சட்டத்தை மீறினர் எனல் பொருந்தாது. இறந்தவனின் பெயர் அழியாமற் காப்பது உறவினரின் கடமை என்னும் வழக்கத்தை, ஆடவர் மறந்தபோதும் தயங்கியபோதும், அவர்களிடமே வற்புறுத்திப் பெற்றனர்.

எனினும் அச்சுதந்தரம் நீடிக்கவில்லை. ஊர்வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் ரூத்தின் மணம் உறுதியாகும் நான்காம் அதிகாரத்தில் அவள் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பெற்ற ஓபேத்தையும் அயலகத்துப் பெண்கள் நகோமியின் பிள்ளை என்றே கொண்டாடுகின்றனர். ஆயினும் அதே வாசலில் போவாஸின் வீட்டை வாழ்த்திய மக்கள் தாமாரின் பெயரைச் சொல்லியே வாழ்த்தினர். தாவீதின் வம்சமோ இவ்விரு கைம்பெண்களின் துணிவினின்றே தோன்றியது.