தென்மேற்குக் கூட்டமைப்பின் தோற்றமும் கலைவும்

கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்றின் வரலாறு இறையியல் மாணவருக்கும் போதகருக்கும் எதற்கு என்று வாசகர் வினவலாம். நாம் இங்கு ஆராய முற்படும் கூட்டமைப்பில் பாப்திஸ்துகள், மெதடிஸ்துகள், கிறிஸ்துவின் சீடர்கள் சபையார் ஆகிய மூவரும் நிறுவிய கல்லூரிகள் எட்டுப் பத்தாண்டுகளாக அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒரே பந்தியில் அமர்ந்திருந்தன. அப்பந்தியில் அமர்வதற்கும், அமர்ந்த பின் எழாதிருப்பதற்கும் அவை கொடுத்த விலை யாது என்பதே நம் வினா. ஆகவே இது விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. திருச்சபையின் கல்விப் பணியினது வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

அமெரிக்கக் கல்லூரிகள் தமக்குள் போட்டிகளை நடத்துவதற்காக அமைத்துக்கொள்ளும் இத்தகைய கூட்டமைப்பை அந்நாட்டார் ‘கான்பரன்சு’ என்றழைக்கின்றனர். மெதடிஸ்து சபையார் தம் போதகரும் சபைப் பிரதிநிதிகளும் ஆண்டுதோறும் கூடும் சங்கத்திற்கு வழங்கும் பெயரும் இதுவே. ஒன்றுகூடி ஆலோசித்தல் என்பதே இரண்டிற்கும் பொதுவான பொருள். இங்குக் காற்பந்து என்று நாம் குறிப்பிடுவது நம் நாட்டில் ஆடப்படும் ஆட்டமன்று. நீள்வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம் என்பதையும் முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

1. தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து கட்டுப்பாடற்றுக் கிடந்தது. மாணவரல்லாதோர் கூலி பெற்று ஆடினர். ஆட்டக்களத்தில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. இக்குறைகளைக் களைய 1906 ஆம் ஆண்டில் தேசிய அளவில் ஒரு சங்கம் உருவாயிற்று. பின்னர் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் பெற்றது. தென்மேற்குப் பகுதியிலும் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநராயிருந்த தியோ பெல்மாண்ட் இம்முயற்சியில் முன்னின்றார். 1914 மே மாதத்தில் டல்லஸ் நகரில் முதற்பேச்சு நடைபெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று ஹூஸ்டன் நகரில் கூட்டமைப்பு முறையாக நிறுவப்பட்டது.

தொடக்க உறுப்பினர் எண்மர்: டெக்சஸ் பல்கலைக்கழகம், டெக்சஸ் வேளாண்மைப் பொறியியற் கல்லூரி, பேய்லர், ரைஸ், சவுத்வெஸ்டர்ன், ஆர்க்கன்சா, ஒக்லஹோமா, ஒக்லஹோமா வேளாண்மைக் கல்லூரி. இவற்றுள் பேய்லர் பாப்திஸ்துகளால் 1845 இல், டெக்சஸ் தனிக் குடியரசாயிருந்த காலத்திலேயே, நிறுவப்பட்டது. சவுத்வெஸ்டர்ன் மெதடிஸ்துகளுடையது. எஞ்சியவற்றுள் ரைஸ் தனியாரின் கொடையால் எழுந்தது. மற்றவை அரசுக் கல்லூரிகள். யார் மாணவர், யார் ஆடத் தக்கவர் என்பதற்குப் பொது விதி வகுத்து, அவ்விதிக்கு அனைவரும் கட்டுப்படுவதே இவ்வமைப்பின் முதல் நோக்கமாயிருந்தது.

2. வந்தோரும் சென்றோரும்

உறுப்பினர் பட்டியல் ஒருபோதும் நிலையாய் நின்றதில்லை. சிறிய கல்லூரியாகிய சவுத்வெஸ்டர்ன் ஓரிரு ஆண்டுகளிலேயே விலகியது. ரைஸ் சிறிது காலம் விலகி நின்று மீண்டும் சேர்ந்தது. டல்லஸ் நகரில் 1915 இல் வகுப்புகளைத் தொடங்கிய சதர்ன் மெதடிஸ்து பல்கலைக்கழகம் 1918 இல் உள்ளே வந்தது. ஒக்லஹோமா பல்கலைக்கழகம் 1919 அளவில் வெளியேறியது. சீடர்கள் சபையின் பிலிப்ஸ் பல்கலைக்கழகம் 1920 இல் ஒரே ஓர் ஆண்டு உறுப்பினராயிருந்தது. அக்கல்லூரியே 1998 இல் மூடப்பட்டது. அதே சபையைச் சேர்ந்த டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 1923 இல் சேர்ந்தது. ஒக்லஹோமா வேளாண்மைக் கல்லூரி 1925 இல் பிரிந்தது.

இதன் பின்னர் முப்பது ஆண்டுகள் எழுவரே நீடித்தனர். டெக்சஸ் தொழில்நுட்பக் கல்லூரி 1956 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1960 முதல் காற்பந்துப் பட்டத்திற்கு ஆடியது. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 1971 இல் அனுமதி பெற்று 1976 முதல் ஆடியது. இவ்வாறு உறுப்பினர் ஒன்பதின்மராயினர். அவர்களுள் மூவர் திருச்சபை நிறுவிய கல்லூரிகள்.

புகழுக்குக் குறைவில்லை. 1935 இல் ஒரு தோல்வியும் காணாத இரு சபைக் கல்லூரிகள், அதாவது சதர்ன் மெதடிஸ்தும் டெக்சஸ் கிறிஸ்தவமும், ஒன்றையொன்று எதிர்த்தன; முன்னது 20-14 என வென்றது. டல்லஸ் நகரின் காட்டன் பௌல் புத்தாண்டு ஆட்டம் 1937 இல் தொடங்கியது. 1940களின் தொடக்கத்திலிருந்து இக்கூட்டமைப்பின் வாகையரே அதில் விருந்தோம்பும் அணியாயினர். சிறிய சபைக் கல்லூரி ஒன்றின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது அதன் வகுப்பறையாலோ சிற்றாலயத்தாலோ அன்று, சனிக்கிழமை ஆட்டத்தினால்தான். இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது. பின்வந்த இடர்களுக்கெல்லாம் வேர் இங்கேயே ஊன்றப்பட்டது.

3. நிறத்தின் வேலி

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கூட்டமைப்பின் காற்பந்துக் களத்தில் கறுப்பின மாணவர் ஒருவரும் உறுப்புக் கல்லூரி எதற்காகவும் இறங்கவில்லை. சபைக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. இங்கு இறையியல் மாணவர் கருத்திற்கொள்ளத் தக்க செய்தி ஒன்றுண்டு. சதர்ன் மெதடிஸ்து பல்கலைக்கழகத்தின் பெர்க்கின்ஸ் இறையியற் பள்ளி 1952 இலேயே கறுப்பின மாணவர் ஐவரைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் 1955 இல் பட்டம் பெற்றனர். இறையியற் பள்ளியின் கதவு திறந்த பின்னரும் ஆட்டக்களத்தின் கதவு திறக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

1966 செப்டம்பர் 10 அன்று பேய்லர் அணியில் ஜான் வெஸ்ட்புரூக் களமிறங்கினார். இக்கூட்டமைப்பில் காற்பந்து ஆடிய முதற் கறுப்பின மாணவர் அவரே. பின்னாளில் பாப்திஸ்து போதகராகப் பணியாற்றி 1983 இல் இளவயதிலேயே மறைந்தார். ஒரு வாரம் கழித்து, சதர்ன் மெதடிஸ்து அணியில் ஜெரி லிவையஸ் ஆடினார். ஆட்டத்திற்கான உதவித்தொகை பெற்ற முதற் கறுப்பின மாணவர் என்ற முறையில் அவர் 1965 இலேயே சேர்க்கப்பட்டிருந்தார். வசையும் கொலை மிரட்டலும் அவரைத் தொடர்ந்தன. எனினும் அவ்வாண்டே அவருடைய அணி, 1948 க்குப் பின் முதன்முறையாக, கூட்டமைப்பின் பட்டத்தை வென்றது. கூடைப்பந்தில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் காஷ் வழிதிறந்தார். பின்னர் அவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியரானார்.

ஆயினும் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1969 டிசம்பர் 6 அன்று டெக்சஸ் அணி ஆர்க்கன்சா அணியை 15-14 என வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தைக் குடியரசுத் தலைவர் நிக்சன் நேரில் கண்டார். களத்தில் நின்ற இரு அணிகளிலும் கறுப்பின மாணவர் ஒருவரும் இல்லை.

4. பணமும் பொய்யும்

1960 இல் டல்லஸிலும் ஹூஸ்டனிலும் தொழில்முறைக் காற்பந்து அணிகள் தோன்றின. நகரத்துப் பார்வையாளர் அவ்வணிகளை நாடினர். தனியார் கல்லூரிகளின் அரங்குகள் காலியாகத் தொடங்கின. மாணவர் தொகையிலும் அரசின் ஆதரவிலும் பெரியவையான பல்கலைக்கழகங்களோடு இவை ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. திறமையுள்ள இளைஞரை ஈர்க்கக் கூட்டமைப்பின் கல்லூரிகள் பல மறைவாகப் பணம் கொடுக்கத் துணிந்தன. 1980களில் அவற்றுட் பல தேசியச் சங்கத்தின் தண்டனைக்கு உள்ளாயின.

இவற்றுள் மிகக் கொடியது சதர்ன் மெதடிஸ்து பல்கலைக்கழகத்தின் வழக்கு. 1985 இல் தண்டிக்கப்பட்ட பின்னரும் அங்கு மறைமுகக் கொடுப்பனவு நிற்கவில்லை. ஆட்டக்காரர் 13 பேருக்கு ஏறத்தாழ 61,000 டாலர் தரப்பட்டது வெளியாயிற்று. 1987 பிப்ரவரி 25 அன்று தேசியச் சங்கம் அவ்வாண்டின் காற்பந்துப் பருவம் முழுவதையும் தடைசெய்தது. அடுத்த ஆண்டின் ஆட்டங்களைப் பல்கலைக்கழகமே கைவிட்டது. இத்தண்டனையை அமெரிக்கர் ‘மரண தண்டனை’ என்றே குறிப்பிடுகின்றனர்.

இதனினும் வருந்தத்தக்க செய்தி சில நாட்களில் வந்தது. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவராயிருந்து, பின் மாநில ஆளுநராகப் பதவியேற்றிருந்த வில்லியம் கிளெமென்ட்ஸ், தாமும் ஆட்சிக்குழுவினர் சிலரும் இக்கொடுப்பனவை அறிந்தே தொடர இசைந்ததாக 1987 மார்ச் மாதத்தில் ஒப்புக்கொண்டார். முன்னரே வாக்களிக்கப்பட்டவர்க்கு மட்டும் கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவதே அவர்கள் கண்ட வழி. அதாவது, விசாரித்த சங்கத்திற்குச் சொன்ன வாக்கை மீறி, மறைவில் சொன்ன வாக்கைக் காத்தனர். ஐக்கிய மெதடிஸ்து சபையின் பேராயர்கள் தனியே விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டனர். பழைய ஆட்சிக்குழு அமைப்பும் கலைக்கப்பட்டது.

1989 இல் அவ்வணி இளம் மாணவரைக் கொண்டு மீண்டும் களமிறங்கியது. அவ்வாண்டு ஹூஸ்டன் அணி அதை 95-21 என முறியடித்தது. அப்போது ஹூஸ்டனும் தண்டனைக்கு உட்பட்டிருந்தது என்பதை நோக்க, ஒரு வீட்டார் ஒருவரையொருவர் எவ்விதம் நடத்தினர் என்பது விளங்கும்.

5. கலைவு

கூட்டமைப்பைக் கலைத்தது ஊழல் மட்டுமன்று. 1984 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரிக் காற்பந்தின் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தேசியச் சங்கம் தனியுரிமையாக வைத்திருந்தது சட்டத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. எழுவர் ஒருமுகமாயினர், இருவர் மாறுபட்டனர். மாறுபட்டவருள் ஒருவர் தம் இளமையில் காற்பந்து வீரராயிருந்த நீதிபதி பைரன் ஒயிட் என்பது குறிப்பிடத்தக்கது. அதுமுதல் ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்புகளும் கல்லூரிகளும் தாமே விற்கலாயின. எத்தனை மாநிலங்களில் எத்தனை வீடுகள் பார்க்கும் என்பதே உறுப்பினரின் மதிப்பாயிற்று.

இக்கணக்கில் தென்மேற்குக் கூட்டமைப்பு குறைவுபட்டது. ஆர்க்கன்சா நீங்கலாக அதன் உறுப்பினர் அனைவரும் ஒரே மாநிலத்தவர். அந்த ஆர்க்கன்சாவும் 1990 இல் விலகுவதாக அறிவித்துத் தென்கிழக்குக் கூட்டமைப்பை அடைந்தது. 1994 பிப்ரவரியில் டெக்சஸ், டெக்சஸ் வேளாண்மை, டெக்சஸ் தொழில்நுட்பம், பேய்லர் ஆகிய நான்கும் ‘பெரிய எட்டு’ எனப்பட்ட அமைப்பினரோடு இணைந்து ‘பெரிய பன்னிரண்டு’ ஆக இசைந்தன. பேய்லருக்கு அந்த இடம் கிடைத்ததில் மாநில அரசியலாரின் கைவண்ணம் உண்டென்று பரவலாகக் கூறப்படுகிறது. ரைஸ், சதர்ன் மெதடிஸ்து, டெக்சஸ் கிறிஸ்தவம், ஹூஸ்டன் ஆகிய நான்கும் கைவிடப்பட்டன. 1996 இல் கூட்டமைப்பு முடிவெய்தியது. எண்பது ஆண்டுப் பழக்கம் ஓர் ஒப்பந்தத்தின் முன் நிற்கவில்லை.

6. பின்னும் நடந்தவை

பிரிந்து சென்றோரும் நிலைகொள்ளவில்லை. டெக்சஸ் வேளாண்மை 2012 இல் தென்கிழக்கிற்குச் சென்றது. அதே ஆண்டில் டெக்சஸ் கிறிஸ்தவம் பெரிய பன்னிரண்டில் இடம்பெற்றது. ஹூஸ்டன் 2023 இல் அங்குச் சேர்ந்தது. டெக்சஸும் ஒக்லஹோமாவும் 2024 இல் தென்கிழக்கை அடைந்தன. சதர்ன் மெதடிஸ்து அதே ஆண்டில் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதற்கு ஈடாக ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருவாயில் பங்கு வேண்டாமென அது இசைந்தது. டல்லஸ் நகரத்துக் கல்லூரி ஒன்று அட்லாண்டிக் கடற்கரையோடு உறவு கொண்டாடுவதை நிலப்படம் விளக்காது, வணிகம் விளக்கும்.

விதியும் மாறியது. 2021 முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். 1987 இல் ஓர் அணியையே அழித்த செயல் இன்று வெளிப்படையான ஒப்பந்தமாயிற்று. அவ்வாறாயின் அன்று நிகழ்ந்தது குற்றமன்றோ எனச் சிலர் கேட்கின்றனர். உழைப்பவருக்குக் கூலி தருவது தன்னளவில் தவறன்று. அதை மறுத்த பழைய விதியில் அநீதி இருந்ததை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஆட்சிக்குழுவினர் அவ்விதியை எதிர்த்து வாதிடவில்லை. அதற்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட்டு, மறைவில் மீறினர். விதி மாறினும் பொய் பொய்யே.

மற்றொரு செய்தியும் உண்டு. சபைக்குள் கருத்து வேற்றுமை மிகுந்திருந்த 2019 இல், சதர்ன் மெதடிஸ்து பல்கலைக்கழகம் சபையின் உரிமையை நீக்கும் வண்ணம் தன் அமைப்பு விதிகளைத் திருத்தியது. சபை வழக்குத் தொடுத்தது. வழக்காடும் உரிமை சபைக்கு உண்டென்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2025 இல் தீர்ப்பளித்தது. நிறுவனம் வளர்ந்த பின், அதை நிறுவிய சபைக்கு அதில் யாது இடம் என்ற வினா ஆட்டக்களத்தோடு முடிந்துவிடவில்லை.

திருச்சபை நடத்தும் கல்லூரிகளின் ஆட்சிக்குழுக்களில் நம் போதகர் பலர் அமர்கின்றனர். இன்றைய மாணவருள்ளும் சிலர் நாளை அமர்வர். அங்கு அவர்கள்முன் வைக்கப்படுவது காற்பந்தாக இராது. மாணவர் சேர்க்கையாகவோ, பணி நியமனமாகவோ, நிலமாகவோ இருக்கலாம். அனைவரும் செய்கின்றனர், நாம் மட்டும் விலகினால் பின்தங்குவோம் என்ற குரல் டல்லஸில் ஒலித்தவாறே அங்கும் ஒலிக்கும். தென்மேற்குக் கூட்டமைப்பின் சபைக் கல்லூரிகள் பந்தியில் இடம் இழக்க அஞ்சின. அவ்வச்சத்தால் ஒன்று தன் நேர்மையை இழந்தது. இறுதியில் பந்தியே எடுக்கப்பட்டது. இடத்தை இழந்தாலும் இழக்கலாகாதது யாதென்பதை ஆட்சிக்குழுவில் அமர்வோர், அங்கு நுழைவதற்கு முன்னரே தமக்குள் தீர்மானித்துக்கொள்வது நலம்.