கீழவீதியில் பதிந்த கேசட்

பெரியப்பா துபாயிலிருந்து ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னோடு கொண்டுவந்த தொண்ணூறு நிமிட வெற்று கேசட்டுகளில் இது ஒன்று. சிதம்பரம் கீழவீதி வீட்டுத் திண்ணையில் டூ-இன்-ஒன்னை வைத்து, மார்கழித் தேர் வரும்போது நாதஸ்வரத்தில் வாசித்த மல்லாரியை ஒரு பக்கம் பதிந்தார். மறுபக்கம் பாட்டியின் தாலாட்டு. 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் பூசிய இரும்பு ஆக்சைடுதான் இரண்டையும் இத்தனை காலம் வைத்திருந்தது.

பாட்டி போன பிறகு கேசட் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கும் 2015 வெள்ளத்துக்கும் பரணில் தகரப் பெட்டிக்குள் இருந்து தப்பியது. சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனாலும் கடலோர ஈரக்காற்றே போதுமே! நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. நாடாவை டேப் ரெக்கார்டரின் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டும் பசை விட்டு விழுந்திருந்தது.

இதைக் காப்பாற்றப் பெரிய செலவு தேவைப்படவில்லை. மூக்கைக் கட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் உலர்ந்த மெல்லிய துணியால் பூஞ்சையைத் துடைத்தேன். திருகாணி போட்ட வேறொரு கேசட்டைக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் சுருள்களை மாற்றினேன். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.

அடுத்ததுதான் முக்கியம். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் கேட்டால்தான் குரல் தெளியும். ஹெட்டுக்குப் பக்கத்துச் சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, போர்வைக்குள் கேட்டது போலிருந்த ஜால்ரா சட்டென்று கணீரென்றது. விலையுயர்ந்த கருவிகளைவிட இந்த ஒரு திருகாணிக்கே நான் அதிகம் நன்றி சொல்வேன்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள். இளஞ்சிவப்பு மைக் துளையில் செருகினால் சத்தம் பிளந்துவிடும். ஆடாசிட்டி இலவச மென்பொருள். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட்: சிடிக்கு அது போதும். அவசரப்படுத்த வழியில்லை, நாடா ஓடும் நேரம் முழுக்க உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்டதில்தான், பாட்டி பாடத் தொடங்குவதற்குச் சற்று முன்பே அவள் குரலின் மெல்லிய சாயல் காதில் விழுந்தது. வருஷக்கணக்காகச் சுற்றியே கிடந்ததில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஏறியிருக்கிறது. “டேப்பு ஓடுதாடா?” என்று அவள் கேட்பதும் இருக்கிறது.

மென்பொருளில் இரைச்சலை அழிக்கலாம். கொஞ்சம் அழித்துப் பார்த்தேன். தூளிக் கயிற்றின் கிறீச்சொலியும் சேர்ந்து போயிற்று. அழிக்காத பதிவையே வைத்துக்கொண்டேன்.

80 நிமிட சிடியில் 90 நிமிடம் அடங்காது. அதனால் மல்லாரிக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று. வீட்டில் எழுதும் சிடியின் சாயம் வெயிலில் மங்கும் என்பதால் ஹார்ட் டிஸ்கிலும் ஒரு நகல் உண்டு. சிதம்பரத்து அத்தைக்கு இரண்டு சிடியையும் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. யாரும் மேலே பதிந்துவிடாதபடி அதன் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன்.