மூக்கைத் தொட்டால் நெற்றியில் தெரிவது ஏன்? (இழை)

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். மூக்கில் வந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு, நெற்றித் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்திருந்தார்கள். கட்டு மாற்றப் போனேன். பஞ்சால் மூக்கைத் துடைத்ததும் சொன்னார்:

"சார், நீங்க மூக்கைத் துடைக்கிறீங்க. எனக்கு நெத்தியைத் துடைக்கிற மாதிரி இருக்கு."

"அப்படியெல்லாம் இருக்காது ஐயா, சும்மா மனசுல தோணுறது"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

தப்பு என்னுடையது. அவர் சொன்னது ஏறக்குறைய 200 வருஷம் முன்பே மருத்துவப் புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயம். அந்தக் கதையைப் பார்ப்போம்.

1792, மைசூர்ப் போர். ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் படையிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமலே இருந்தார்.

பிறகு புனே அருகே, செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு செய்தார். மெழுகில் மூக்கு அளவெடுத்து, அதை நெற்றியில் தட்டையாக வைத்து வரைந்து, அந்தத் தோலை உரித்துக் கீழே திருப்பித் தைப்பதுதான் முறை. சுஸ்ருத சம்ஹிதை சொல்வது கன்னத் தோல். நெற்றித் தோல் பிற்பாடு வழக்கத்துக்கு வந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. தோலை முழுசாக வெட்டி எடுக்கக் கூடாது. புருவங்களுக்கு நடுவே ஒரு பாலம் விடணும். புது மூக்குக்கு ரத்தம் அந்த வழியாகத்தான் வரும். சுமார் மூன்று வாரம் கழித்துத்தான் பாலத்தை வெட்டுவார்கள்.

1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் பார்த்த ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன், பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் லண்டனில் அதைச் செய்தார். அங்கிருந்து ஜெர்மனிக்கும் போனது.

அப்போதுதான் நோயாளிகள் சொன்ன ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. பெர்லின் பேராசிரியர் யோகான்னஸ் முல்லர், 1830களில் வெளிவந்த தன் உடலியல் நூலில் அதை எழுதினார்: பாலம் வெட்டப்படாதவரை, புது மூக்கைத் தொட்டால் நோயாளி அதை நெற்றியில்தான் உணர்கிறார்!

ஏன்? பாலத்தில் ரத்தக்குழாயோடு நெற்றியின் நரம்பும் வருது. தோல் இடம் மாறிடுச்சு, மூளையில் விலாசம் மாறலை. வீடு மாறின பிறகும் ரேஷன் கார்டில் பழைய தெரு இருக்குமே, அந்த மாதிரி. தொட்டது எங்கே என்பதை மூளை, சேதி எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்தே முடிவு செய்யுது.

அந்த விலாசப் பட்டியல் மூளையில் எங்கே இருக்கு? 1937இல் மான்ட்ரியலில் பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் வரைபடமே வெளியிட்டார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் லேசான மின்சாரம் வைத்து, "எங்கே தெரியுது?" என்று கேட்டுக் கேட்டு வரைந்தது. அதில் உதட்டுக்கும் விரலுக்கும் பெரிய இடம், முதுகுக்குக் கொஞ்சூண்டு. கைக்குப் பக்கத்து வீடு முகம்.

இந்தப் பக்கத்து வீட்டு விஷயத்தை வைத்துத்தான், நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒன்றை விளக்கினார். கை இழந்த சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரல்களில் தொடுவது போலத் தெரிந்தது. கையின் காலி இடத்தை முகம் எடுத்துக்கொண்டது என்பது அவர் விளக்கம்.

சரி, புது மூக்குக்கு அப்புறம் என்ன ஆகும்? பாலத்தை வெட்டும்போது நெற்றி நரம்பும் அறுந்துடும். மூக்கு மரத்திருக்கும். சுற்றியுள்ள தோலிலிருந்து நரம்புகள் மெல்ல வளர, மாதக்கணக்கில் பலருக்கு ஓரளவு உணர்வு திரும்பும். அதுவரை ஆவி பிடிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் கவனம் தேவை. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது.

உங்க வீட்டில் ஆபரேஷன் ஆனவர் யாராவது "இங்க தொட்டா அங்க தெரியுது"ன்னு சொன்னால் சிரிக்காதீங்க. டாக்டரிடம் சொல்லுங்க.

அந்தப் பெரியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. இப்போ இப்படிக் கட்டு மாற்றும்போதெல்லாம் நானே முதலில் கேட்டுடுறேன்: "ஐயா, நான் தொடுறது எங்க தெரியுது?"