இசைத்தொகுப்பு மென்பொருள்கள்

கணினியில் சேர்ந்துள்ள பாட்டுக் கோப்புகளை இசைப்பதோடு, பாடகர், ஆல்பம், ஆண்டு முதலிய விவரங்களைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தித் தேடித் தரும் நிரல்கள் இசைத்தொகுப்பு மென்பொருள்கள் எனப்படும். மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் தரும் கட்டற்ற வகையுள் ரிதம்பாக்ஸ், அமரோக், கிளமென்டைன், குவாட் லிபெட் ஆகியவை பெயர்பெற்றவை. 2002இல் வெளிவந்த ஃபூபார்2000 விலையின்றிக் கிடைப்பினும் மூலநிரல் மூடியிருப்பதால் இவ்வகையில் சேராது. எடுத்துக்காட்டாக, 1939ஆம் ஆண்டிலேயே வானொலி நிலையம் பெற்ற திருச்சிராப்பள்ளியும், பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் அளிக்கும் அரையர் சேவை நிகழும் ஸ்ரீரங்கமும் சார்ந்த இசை, ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்படும்போது இம்மென்பொருள்களின் வகைப்பாடு எவ்வளவு தாங்கும் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வகைப்பாட்டுக்கு அடிப்படை, கோப்பினுள்ளேயே பதியப்படும் ‘டேக்’ என்னும் விவரக்குறிப்பாகும். 1996இல் எரிக் கெம்ப் வகுத்த ஐடி3 முறை எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளை இதற்கென ஒதுக்கி, தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டும், ஆண்டுக்கு 4 பைட்டும், இசைவகைக்கு ஒரே ஒரு பைட்டும் அளித்தது. லத்தீன் எழுத்துகளுக்கென ஏற்பட்ட இக்கட்டங்களில் யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் தமிழை இட்டால் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளைக் கொள்ளும்; எனவே ‘ஸ்ரீரங்கம்’ 10 குறியீடுகளாகிச் சரியாக 30 பைட்டில் அடங்க, ‘திருச்சிராப்பள்ளி’ 51 பைட்டாகிப் பாதியில் அறுபடும். தொடக்க இசைவகைப் பட்டியலின் 80 பெயர்களில் போல்கா நடனத்துக்கு இடம் இருந்தது, கர்நாடக இசைக்கு இல்லை. அடுத்து வந்த 1.1 திருத்தம் பாடல் வரிசை எண்ணுக்கும் ஒரு பைட்டே தந்தமையால் 255க்கு மேல் எண்ணிட இயலாது. 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியைப் பாசுரத்துக்கு ஒரு கோப்பாக வைத்திருப்பவர் கோப்பின் பெயரிலேயே எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1998இல் தோன்றிய ஐடி3 இரண்டாம் வரிசை இந்த அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. 2000ஆம் ஆண்டின் 2.4 பதிப்பு யூடிஎஃப்-8 முறையையும் ஏற்றது.

இடம் பெருகியபின்னும் வகைப்பாட்டுக் குறை தீரவில்லை. கர்நாடக இசையில் உருப்படி இயற்றியவருக்கே உரியது, பாடுபவர் அதை எடுத்தாள்பவரே என்பதால், கலைஞர் பெயரை முதன்மையாகக் கொள்ளும் அடுக்கு இதற்குப் பொருந்தாது. ராகத்தைக் கொண்டு அடுக்குவதே முறை; எனினும் அதுவும் சில இடங்களில் போதாது. தியாகராஜரின் ஸ்ரீரங்கப் பஞ்சரத்னம் தோடி, ஆரபி, காம்போஜி, தேவகாந்தாரி, சாரங்கா ஆகிய ராகங்களில் அமைந்தது. அவரது மற்றொரு தொகுதியான கனராகப் பஞ்சரத்னத்திலும் ஆரபி உண்டு. ஆகவே ‘பஞ்சரத்னம், ஆரபி’ என்று தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும். பிரித்தறியத் ‘தலம்’ என்றொரு புலம் தேவை. பயனர் தாமே புலங்களைப் படைத்து அவற்றைக் கொண்டே தொகுப்பை உலவ இடமளிக்கும் குவாட் லிபெட் இத்தேவைக்கு மிகவும் உகந்தது. ஃபிளாக், ஆக் என்னும் ஒலிக்கோப்பு வகைகளில் புலத்தின் மதிப்பைத் தமிழில் எழுதலாமாயினும், புலத்தின் பெயரை ரோமன் எழுத்தில்தான் இட வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் திறந்த இசைத் தரவுத்தளம் ராகம், தாளம் இரண்டையும் உருப்படியின் பண்புகளாக ஏற்றுக்கொண்டுள்ளது.

மார்க் கிரெட்ஷ்மன் 2003இல் தொடங்கிய அமரோக்கின் 1.4 பதிப்பை அடியொற்றி 2010இல் கிளமென்டைனும், அதிலிருந்து 2018இல் ஸ்ட்ராபெரியும் கிளைத்தன. இத்தகைய மென்பொருள்கள் இயங்கக்கூடியதும் சென்னை சி-டாக் ஆய்வு மையம் 2007இல் வெளியிட்டதுமான பாஸ் லினக்ஸ் இயங்குதளம், பின்னர் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது. கணினித் தொகுப்புகளுக்கு அப்பால், தற்போது செல்பேசிவழி இணைய இசைச் சேவைகள் பரவியுள்ளன.