சட்டைப்பைக்குள் ஒரு காரியாலயம்

வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனுஷியஸ் என்று ஓர் அச்சுக்கூடக்காரர் இருந்தார். 1501-ம் வருஷம் அவர் லத்தீன் மகாகவி வர்ஜிலின் காவியங்களைப் புதிய உருவத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு முன்னால் கனமான இலக்கியம் என்றால் பெரும்பாலும் நிஜமாகவே கனமாகத்தான் இருக்கும். மேஜைமேல் கிடத்தி, எதிரே உட்கார்ந்து, மரியாதையுடன் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஆல்டஸின் வர்ஜிலோ ஒரு கையில் அடங்கியது. தோட்டத்துக்கு எடுத்துப் போகலாம், பிரயாணத்தில் படிக்கலாம். இதை அவர் எப்படிச் சாதித்தார்? பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற எழுத்து வெட்டும் கலைஞரைக் கொண்டு, கையெழுத்தைப்போல் சாய்ந்து நிற்கும் புது எழுத்துக்களை உண்டாக்கினார். அது ஒரு தந்திரம். மூலத்தைச் சுற்றிப் படர்ந்து கிடந்த வியாக்கியானங்களை அடியோடு எடுத்துவிட்டார். அது இரண்டாவது தந்திரம். சுருக்கியது பாதி, விட்டுத் தள்ளியது பாதி.

இந்த இரண்டாவது தந்திரத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப் போவது புஸ்தகத்தின் கதை அல்ல. ஜேபியில் அடங்கும் கம்ப்யூட்டரின் கதை. ஆனால் இரண்டு கதைக்கும் நீதி ஒன்றுதான்.

பெரிதாக இருப்பதைக் கண்டால் மனிதனுக்குப் பயம் கலந்த மரியாதை. சின்னதாக இருப்பதைக் கண்டால் ஆசை. தேரை நின்று கும்பிடுகிறோம். அதே தேரைக் கைப்பிடி அளவில் மரத்தில் செய்து விற்றால் வீட்டுக்கு வாங்கி வருகிறோம். குழந்தைகளுக்குச் சொப்புச் சாமான்களில் உள்ள மோகம் எல்லோருக்கும் தெரியும். அந்த மோகம் வயது வந்த பிறகும் போவதில்லை என்பதற்குச் சென்ற நாற்பது வருஷத்துச் சரித்திரம் சாட்சி. ஒரு முழுக் கம்ப்யூட்டரை உள்ளங்கையில் அடக்கிவிட வேண்டும் என்று திரும்பத் திரும்ப எத்தனை கம்பெனிகள் கிளம்பின, எத்தனை கம்பெனிகள் கையைச் சுட்டுக்கொண்டன!

1972-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஆலன் கே என்பவர், குழந்தைகளும் கையில் எடுத்துச் செல்லக்கூடிய புஸ்தகம் போன்ற கம்ப்யூட்டர் ஒன்றைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். அதற்கு 'டைனாபுக்' என்று பெயரும் வைத்தார். அப்போது அது வெறும் கனவு. 1981-ல் ஆஸ்போர்ன் என்ற யந்திரம் வந்தது. 'எடுத்துச் செல்லும் கம்ப்யூட்டர்' என்று அதைச் சொன்னார்கள். பொய் இல்லை, எடுத்துச் செல்லலாம். எடை சுமார் 11 கிலோ! திரையின் அளவோ 5 அங்குலம். கல்யாண வீட்டு வெங்கலப் பானைக்குக் கைப்பிடி வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1983-ல், டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற யந்திரம் வெளியாயிற்று. திரையில் எட்டே வரிகள் தெரியும். வரிக்கு 40 எழுத்து. நான்கு பென்சில் பேட்டரி போட்டால் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். போன இடத்தில் உட்கார்ந்து செய்தியை எழுதி, அங்கிருந்தே டெலிபோன் கம்பி வழியாக ஆபீசுக்கு அனுப்பிவிடலாம். எட்டு வரி போதுமா என்று கேட்கலாம். செய்தி எழுதுகிறவனுக்கு இப்போது எழுதுகிற வரியும் அதற்கு முந்திய சில வரிகளும் தெரிந்தால் போதும். அவன் உத்தியோகத்துக்கு எது வேண்டாமோ அது அந்த யந்திரத்தில் இல்லை.

உண்மையிலேயே ஜேபிக்குள் புக வந்தவை 1989-ல் பிறந்தன. அடாரி போர்ட்ஃபோலியோ என்று ஒன்று. போக்கெட் பிசி என்று ஒன்று. முன்னதின் விலை சுமார் 400 டாலர். அதிலும் எட்டு வரிதான். 1991-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' படத்தில் ஒரு பையன் பாங்கின் பண யந்திரத்தை ஏமாற்றிப் பணம் எடுப்பானே, அவன் கையில் இருப்பது இதுதான். பின்னதின் விலை ஏறக்குறைய 2,000 டாலர். ஆனால் அதில் பெரிய கம்ப்யூட்டரில் உள்ளபடியே 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அதுவும் இரண்டு பென்சில் பேட்டரியில்! அந்த ரகசியம் அழகானது. ஒரு விசையைத் தட்டிவிட்டு அடுத்த விசைக்கு விரல் போவதற்குள் உள்ள இடைவெளி இருக்கிறதே, அந்தக் கண நேரத்தில்கூட யந்திரத்தின் மூளை தூங்கிவிடும். இப்படித் தூங்கித் தூங்கியே மின்சாரத்தை மிச்சம் பிடித்தது. சிக்கனத்தில் நம் பாட்டிமார்கள்கூட அதனிடம் பாடம் கேட்கலாம்.

1991-ல் ஹியூலெட்-பக்கார்டு கம்பெனி 95எல்எக்ஸ் என்ற சிறு பெட்டியை 699 டாலருக்கு விற்றது. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புஸ்தகத்தை அதன் உடம்பிலேயே நிரந்தரமாகப் பதித்து வைத்திருந்தார்கள். அதன் வழி வந்த 200எல்எக்ஸ் 1994-ல் வெளியாயிற்று. எடை 300 கிராமுக்குச் சற்று மேல். பொத்தானை அமுக்கினால் அந்தக் கணமே, நேற்று விட்ட இடத்தில் திறந்து நிற்கும். இரண்டு பேட்டரி வாரக்கணக்கில் வரும். 1999-ல் கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அதை வைத்திருந்தவர்கள் விட்டுவிடவில்லை. பழுது பார்த்து, உட்கருவிகளை மாற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கிப் பல வருஷம் ஆண்டார்கள். ஜப்பானில் இருந்த ரசிகர்களோ, கம்பெனி கொடுக்காத ஜப்பானிய எழுத்தைத் தாங்களே அதன் திரையில் வரவழைத்துக்கொண்டார்கள். ஒரு யந்திரத்தில் தன் பாஷை தெரியவில்லையே என்று ஏங்குவது வேறு, தெரிய வைத்துவிடுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர்களுக்கு அந்த யந்திரம் சொந்தமாகிவிட்டது.

அதே 1991-ல் இங்கிலாந்தின் சையான் கம்பெனி 'சீரீஸ் 3' என்ற ஜேபி யந்திரத்தைக் கொண்டுவந்தது. 1997-ல் அதே கம்பெனியின் 'சீரீஸ் 5' வந்தது. மூடியைத் திறந்தால் விசைப்பலகை தானாக முன்னால் நகர்ந்து வரும். திரை அதன் முதுகில் சாய்ந்துகொள்ளும். விரலால் திரையைத் தொட்டாலும் பின்னால் குடை சாயாது. மார்ட்டின் ரிடிஃபர்ட் என்ற சிற்பியின் வேலைப்பாடு அது. அந்த விசைப்பலகையில் பத்து விரலாலும் எழுதலாம் என்று அனுபவசாலிகள் சத்தியம் செய்கிறார்கள். அதற்கும் ஒரு சாபம் இருந்தது. திறந்து மூடித் திறந்து மூடி, கீல் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய நாடாக் கம்பி ஒரு நாள் அறுந்துபோகும். மடிக்கிற சாமானுக்கெல்லாம் உயிர்நிலை கீலில்தான்.

1996-ல் ஜப்பானின் தோஷிபா கம்பெனி வேறொரு வழியில் போயிற்று. லிப்ரெட்டோ என்று பெயர். இத்தாலிய பாஷையில் 'சிறு புஸ்தகம்' என்று அர்த்தம். ஆல்டஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எடை 840 கிராம், திரை 6.1 அங்குலம், உள்ளே ஓடியது சாட்சாத் விண்டோஸ் 95. அதாவது, எதையும் விட்டுத் தள்ளவில்லை. மேஜைமேல் இருந்த ராட்சசனை அப்படியே அமுக்கிப் பெட்டியில் போட்டார்கள். பார்த்தவர்கள் மயங்கினார்கள். மயங்கி வாங்கியவர்கள் பின்னர் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்கள்.

இந்த வழியின் உச்சம் 2009-ல் சோனி வெளியிட்ட வையோ பி. எட்டே அங்குலத் திரையில் குறுக்கே 1,600 புள்ளிகள். எழுத்துக்கள் எறும்புகளாயின. விண்டோஸ் விஸ்டா என்ற பெருஞ்சுமையை ஏற்றியதால் அந்த அழகி எழுந்து நடக்கவே சிரமப்பட்டாள். கால்சராயின் பின் பையில் அதைச் செருகிக்கொண்டு நிற்பதுபோல் விளம்பரம் செய்தார்கள். அதே கால்சராயோடு உட்காருவது எப்படி என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

சிறியது என்றால் விலை அதிகம் என்ற விதியை நடுவில் ஒருவர் புரட்டிப் போட்டார். 2007-ல் தைவானின் ஆசூஸ் கம்பெனி ஈ பிசி என்ற 7 அங்குலத் திரை யந்திரத்தை மலிவாக விற்றது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் லாப்டாப் கொடுக்க வேண்டும் என்று நிக்கலஸ் நெக்ரபாண்டி 2005-ல் கிளப்பிய பேச்சு, சின்னதும் மலிவானதும் சேர்ந்திருக்கலாம் என்ற எண்ணத்தை ஏற்கெனவே பரப்பியிருந்தது. 'நெட்புக்' என்ற பெயரில் ஒரு படையே புறப்பட்டது. அதிலும் பழைய கதைதான். ஜனங்கள் கொஞ்சம் பெரிய திரை கேட்டார்கள், கொஞ்சம் பெரிய விசைப்பலகை கேட்டார்கள். 7 அங்குலம் 9 ஆயிற்று, 10 ஆயிற்று. 2010-ல் ஐபேடை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், நெட்புக் எந்த வேலையிலும் சிறந்ததல்ல என்று பரிகாசம் செய்தார். 2012 முடிவில் ஆசூஸ் தன் கடையைக் கட்டிற்று.

இத்தனை தோல்விகளுக்கும் காரணம் என்ன? கணக்குப் போட்டால் விளங்கும். பழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். மேல் வரிசையில் பத்து எழுத்து. ஆகவே எழுத்துக்கு மட்டுமே 190 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். 95எல்எக்ஸின் மொத்த அகலமே 160 மில்லிமீட்டர். அதிலும் வலப் பக்கம் எண்களுக்குப் போய்விட்டது. விஞ்ஞானி மின்சுற்றைச் சுருக்கலாம். விரலைச் சுருக்க முடியுமா? கண் பார்வையைக் கூட்ட முடியுமா? 1995-ல் ஐபிஎம் கம்பெனியில் ஜான் கரிடிஸ் என்பவர், மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக இருந்த விசைப்பலகை நகர்ந்து சேர்ந்து பட்டாம்பூச்சிபோல் அகலமாக விரியும்படி செய்தார். பார்க்கக் கண் கொள்ளாத காட்சி. ஆனால் திரைகள் பெரிதான பிறகு அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

விரலும் கண்ணும் போதாவென்று உஷ்ணமும் பேட்டரியும் சேர்ந்துகொள்கின்றன. வேகமான மூளை சூடாகும். சூட்டை வெளியேற்ற இடம் வேண்டும். நீடித்த பேட்டரிக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தானே நாம் குறைத்துவிட்டோம்! 2017-ல் சீனாவின் ஷென்ஜென் நகரத்திலிருந்து ஜிபிடி என்ற கம்பெனி, வாங்குவோரிடம் முன்பணம் திரட்டி, 480 கிராம் எடையில் பாக்கெட் என்ற 7 அங்குல யந்திரம் செய்தது. அந்தச் சிறு உடம்புக்குள்ளும் ஒரு காற்றாடி சுழல வேண்டியிருந்தது.

கதையை இத்துடன் முடித்து, "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லிவிடலாம். அது நியாயம் ஆகாது. மேலே சொன்ன யந்திரங்களை இன்னொரு முறை பாருங்கள். எவற்றை ஜனங்கள் நெடுங்காலம் நெஞ்சோடு வைத்திருந்தார்கள்? 200எல்எக்ஸையும் சையானையும். அவற்றைச் செய்தவர்கள், இந்த அளவுக்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் தீர்மானித்தார்கள். ஆல்டஸ் வியாக்கியானத்தை விட்டதுபோல் விட்டார்கள். லிப்ரெட்டோவும் வையோவும் எதையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் நெருக்கித் திணித்தன. சிறுமை வேறு, நெருக்கடி வேறு.

அப்படியானால் இன்று எல்லோர் கையிலும் இருக்கும் போன் இருக்கையில் இந்த ஆசை எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1998-ல் சையான் கம்பெனி, நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவற்றோடு சேர்ந்து சிம்பியன் என்ற ஸ்தாபனத்தை உண்டாக்கிற்று. சையானின் உயிர் போன்களுக்குள் புகுந்தது. 2001-ல் சையான் தன் ஜேபி யந்திரங்களைக் கைவிட்டது. ஆத்மா கூடு விட்டுக் கூடு பாய்ந்தது. ஆனால் கைகளைப் பழைய கூட்டிலேயே விட்டுவிட்டது. விசைப்பலகைதான் அந்தக் கைகள்.

போன் நமக்குக் காட்டுகிறது, சொல்கிறது, பாடுகிறது, கூப்பிடுகிறது. நாம் பார்க்கிறோம், கேட்கிறோம். போனிலும் எழுதலாம்; எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது எழுதுவதற்கென்று வாய்த்த சாதனம் அல்ல. ஒரு வாக்கியம் முடிவதற்குள் நான்கு பேர் கதவைத் தட்டுகிறார்கள். மூடியைத் திறந்தால் ஒரு வெற்றுப் பக்கமும் பத்து விரலுக்கு வேலையும் மட்டுமே காத்திருக்கும் சிறு பெட்டி வேறு ஜாதி. ரயிலடியில் அரை மணி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி என்று வாழ்க்கை நமக்குச் சில்லறையாகத்தான் நேரம் கொடுக்கிறது. அந்தச் சில்லறையைச் சேர்த்து ஒரு காரியம் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள்தாம் இந்தப் பெட்டிகளை வாங்கினவர்கள். நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஆசை புரிகிறது.

அதனால்தானோ என்னவோ, 2018-ல் லண்டனிலிருந்து ஜெமினி என்ற புதிய ஜேபி யந்திரம் வந்தபோது, அதன் விசைப்பலகையைச் செய்ய அழைத்துக்கொண்டு வந்தது அதே மார்ட்டின் ரிடிஃபர்டைத்தான். இருபது வருஷம் கழித்து, போனுக்குத் திரும்பவும் கை முளைக்க வைக்கும் முயற்சி!

வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. கடையில் அதைக் கையில் எடுத்து, "இதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். கடைக்காரர் சொல்லும் ஜாபிதாவுக்கு முடிவே இராது. "இதற்காக நான் எதை விடத் தயார்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் உடனே வந்தால் தைரியமாக வாங்கலாம். வராவிட்டால், அது சொப்புச் சாமான். அதையும் வாங்கலாம், சோறு வேகவில்லையே என்று மட்டும் குறைப்படக் கூடாது.