கீழாநெல்லி: சரிபார்க்க வேண்டிய கணக்கு

காமாலை என்றாலே கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து இதை லான்செட் இதழில் ஏற்றினார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான்.

ஆனால், பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வங்கியில் நாங்கள் ஒருமுறை கூட்டியதோடு விடமாட்டோம். மறுமுறையும் டேலி ஆக வேண்டும். இது ஆகவில்லை.

தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். பெயர் மூலிகைக்குப் போய்விடும். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. சிலருக்குச் சத்தமின்றித் தங்கி ஈரலை அரிக்கும். ஆகவே கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கீழாநெல்லி வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. பேரக்குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியை மறக்காதீர்கள்.